தூசிக்குள் நீ நின்ற பிற்பகல்

இன்று காலை எங்கள் தெருமுனையில் ஜல்லி கொட்டியிருந்தார்கள். சிமெண்ட் சாலை போடப் போகிறார்களாம். தூசி அடங்கட்டும் என்று ஒருவர் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். உடைத்த கருங்கல்லின் மேல் தண்ணீர் பட்டதும் எழுகிற வாசம் உனக்குத் தெரியும். மழை விழுந்த மண் மாதிரி இனிக்காது; நேராகத் தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். காய்கறிப் பையோடு அங்கேயே நின்றுவிட்டேன். "ஒதுங்குமா, மேல தெறிக்குது" என்று அவர் சொன்ன பிறகுதான் நகர்ந்தேன். வீட்டுக்கு வந்து, அடுப்பைப் பற்றவைக்கவும் தோன்றாமல், இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். களைப்பாக இருக்கிறது. களைத்திருக்கும்போதுதான் உன் ஞாபகம் அதிகமாக வருகிறது. நாம் சேர்ந்து அதிகம் செய்தது களைத்துப்போவதைத்தானே.

கல்லூரியில் ஒரே வகுப்பில் இருந்தும் நமக்குள் அவ்வளவு பழக்கமில்லை. ஒரகடம் பக்கத்து அந்தச் சின்னக் கம்பெனியில் இருவருக்கும் வேலை கிடைத்த பிறகு, கம்பெனி வேன்தான் நம்மைச் சேர்த்தது. நீ பெரிய காஞ்சிபுரத்தில் ஏறுவாய், நான் சின்னக் காஞ்சிபுரத்தில். உன் அப்பாவுக்குச் சாயப்பொடி வியாபாரம். வீட்டில் உருது, அம்மாவை அம்மி என்பாய். என்னிடம் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து. வைகாசித் திருவிழாவில் கருட சேவை அன்று எங்கள் தெருவுக்குள் வேன் வராது. நான் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதற்குள், "ஐயரம்மா வந்துக்கினு இருக்காங்க, கொஞ்சம் நில்லுங்கண்ணா" என்று ஓட்டுநரிடம் சொல்லி நிறுத்தி வைத்திருப்பாய். ஐயர் இல்லை, ஐயங்கார் என்று எத்தனை தடவை சொன்னாலும் மாற்றிக்கொள்ள மாட்டாய். "ரெண்டு பேரும் கறி தின்ன மாட்டீங்க. அப்புறம் என்னடி வித்தியாசம்?"

வாலாஜாபாத் ரயில்வே கேட் வருவதற்குள் நீ தூங்கிவிடுவாய். வேலைக்குச் சேர்ந்த மறு வருடமே உன் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டிருந்தன. ஒன்றுவிட்டு ஒரு நாள் மாலை டயாலிசிஸ். அங்கிருந்து வீட்டுக்குப் போய், படுத்து, மறுநாள் காலை மறுபடி அதே வேன். தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும் என்பதால் சின்னப் பிளாஸ்கில் பனிக்கட்டித் துண்டுகள் கொண்டுவருவாய். வெயில் காலத்தில் அதில் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, பேசாமல், கண்ணை மூடியிருப்பாய். வேலையை விட்டுவிடேன் என்று ஒருமுறை சொன்னேன். "வீட்ல உக்காந்தா நோயாளி. இங்க வந்தா எஞ்சினியர்" என்றாய். நான் அதற்கப்புறம் கேட்கவில்லை.

உனக்குத் தெரிந்ததைத்தான் திரும்ப எழுதுகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே சரியாக நினைவு வருகிறது.

நமக்குக் கொடுத்த வேலை, திருமுக்கூடல் தாண்டி இருந்த ஒரு கல்குவாரிக்கானது. பாறைக்கு வெடி வைத்த பிறகு மேலே கற்கள் பிடிமானமில்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு பொக்லைன் உள்ளே போய் அவற்றைத் தள்ளிவிட்ட பிறகுதான் ஆட்கள் போகலாம். அந்தப் பொக்லைனை ஓட்டுகிறவர் மேலேயே கல் விழுந்தால்? அதனால் ஆளில்லாமல் பொக்லைனை அனுப்பி, எட்ட இருக்கும் கொட்டகையிலிருந்து ஒருவர் திரையைப் பார்த்து ஓட்ட வேண்டும். வெடித்த உடனே, தூசி அடங்கக் காத்திருக்காமல் உள்ளே போக வேண்டும் என்பது குவாரிக்காரர்களின் விருப்பம். அந்தத் தூசியில் கேமராவுக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே பொக்லைனின் தலையில் ஒரு லேசர் கருவியைப் பொருத்தினார்கள். சின்ன குக்கர் அளவு இருக்கும். நொடிக்குப் பத்து முறை சுழன்றுகொண்டே நாலா பக்கமும் கதிர்களை வீசும். ஒவ்வொரு கதிரும் எதையாவது தொட்டுத் திரும்பி வந்து, இவ்வளவு தூரத்தில் ஒன்று இருக்கிறது என்று சொல்லும். அந்தத் தூரம் திரையில் ஒரு புள்ளி. லட்சக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து குவாரியே முப்பரிமாணமாகத் திரையில் எழும்பி நிற்கும்.

சிக்கல் என்னவென்றால், அத்தனை புள்ளிகளையும் கொட்டகைக்கு அனுப்ப நம்மிடம் இருந்த வயர்லெஸ் போதாது. வரிசையில் நின்று நின்று வரும். ஓட்டுநர் பார்ப்பது பழைய காட்சியாக இருக்கும். ஏழுமலையை நினைவிருக்கிறதா? பொக்லைன் ஓட்டுவதில் பத்து ஊருக்குப் பெயர்போனவர். முதல் வாரமே கொட்டகைக்கு வெளியே போய் வாந்தி எடுத்தார். "நான் திருப்பறது ஒரு நேரம், அது திரும்பறது ஒரு நேரம். தலை சுத்துதுமா" என்றார்.

புள்ளிகளைச் சுருக்கி அனுப்பும் நிரல் உன் பொறுப்பு. அவற்றை விரித்துத் திரையில் காட்டுவது என் பொறுப்பு. கருவி ஒழுங்காகச் சுழல்வதால் எந்தப் புள்ளி எந்தக் கோணத்திலிருந்து வந்தது என்று தனியாக அனுப்பத் தேவையில்லை, தூரத்தை மட்டும் அனுப்பினால் போதும் என்பதில் தொடங்கினாய். பிறகு, பக்கத்துப் பக்கத்துக் கதிர்கள் பெரும்பாலும் ஒரே பாறையைத்தான் தொடும். அதனால் முழுத் தூரத்தையும் சொல்லாமல், முந்தையதைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்பதை மட்டும் சொன்னால் போதும் என்றாய். சின்ன எண்களுக்குச் சின்ன இடம். ஒரு சுற்று முழுதாக முடியக் காத்திருந்தால் இன்னும் நன்றாகச் சுருக்கலாம் என்று நான் சொன்னேன். "சுருங்கும்டி. ஆனா அதுக்குள்ள வண்டி நகந்துடும்" என்றாய். வெட்டிய தர்ப்பூசணி மாதிரி, சுற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டு முடிந்ததுமே அனுப்பிவிட்டாய். ஏழுமலைக்குத் தலைசுற்றல் நின்றது. அன்று நம் எல்லோருக்கும் அவர் செலவில் டீ. நீ மட்டும் குடிக்கவில்லை.

வெடி வைத்த பிறகுதான் கதை மாறியது. தூசி எழுந்தால் ஒரு கதிர் தூசியில் பட்டு உடனே திரும்பும், அடுத்த கதிர் தூசிக்குள் புகுந்து தூரத்துப் பாறையைத் தொட்டு வரும். பக்கத்துக்குப் பக்கம் உறவே இல்லை. சுருங்கிக் கிடந்த தரவு மறுபடி வீங்கும், மறுபடி வரிசை, மறுபடி தாமதம். எந்த நேரத்தில் கண் மிகவும் தேவையோ அந்த நேரத்தில் கண் பின்தங்கியது.

நம் மேலாளர் சம்பத் சார் கெட்டவர் இல்லை. மேலிருந்து அவரை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் துணைப் புள்ளி இல்லாத ஒற்றைப் புள்ளிகள் எல்லாம் தூசிதான், அனுப்புவதற்கு முன்பே பொக்லைனிலேயே அவற்றை அழித்துவிடலாம் என்றார். அழித்துப் பார்த்தோம். திரை துடைத்துவிட்ட மாதிரி ஆனது. பாறை, தரை, குவிந்த கல், எல்லாம் பளிச்சென்று. தாமதமும் போனது. எல்லோரும் கை குலுக்கிக்கொண்டார்கள். நீ ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தாய்.

மறுநாள் பிற்பகல் அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த காலி இடத்துக்கு என்னை அழைத்துப் போனாய். கருவியை ஒரு மேசை மேல் வைத்தாய். கல்தூள் மூட்டைகளைப் பிரித்துக் கொட்டி, பெரிய மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னாய். துப்பட்டாவை மூக்கின் மேல் இறுக்கிச் சுற்றிக்கொண்டு அந்தத் தூசிக்குள் நடந்து போனாய். உனக்கு இதெல்லாம் ஆகாது என்று நான் கத்தியதைக் காதில் வாங்கவில்லை.

"ஸ்கிரீனப் பாரு, கோதை. நான் எங்க இருக்கேன்?"

பார்த்தேன். சுவர் இருந்தது. மேசை விளிம்பு இருந்தது. மூலையில் இருந்த வேப்பமரம்கூட இருந்தது.

"இல்லடி" என்றேன்.

"நல்லா பாரு. கையத் தூக்கறேன்."

"இல்ல. நீ இல்ல."

தூசி பாதிக் கதிர்களைத் தின்றிருந்தது. உன்மேல் பட்டுத் திரும்பியவை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வந்திருந்தன. துணையில்லாத புள்ளிகள். எல்லாம் அழிந்து, நீ நின்ற இடத்தில் வெறும் தரை தெரிந்தது. உன் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. விசிறியை நிறுத்திவிட்டு ஓடிவந்தேன். நீ இருமிக்கொண்டே வெளியே வந்து, வெள்ளை வெளேரென்ற புருவத்தோடு, "பாத்தியா?" என்று மட்டும் கேட்டாய்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் நீ உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. டயாலிசிஸ் படுக்கையிலும் மடிக்கணினியை ஒரு கையால் தட்டிக்கொண்டிருந்தாய். உன் பக்கத்தில் உட்கார்ந்து நீ சொல்வதை நான் சரிபார்ப்பேன். நீ கண்டுபிடித்தது எளிமையானது: எந்தப் புள்ளியையும் அழிக்காதே, நெரிசல் கூடும்போது துல்லியத்தைக் குறைத்துக்கொள். சாதாரண நேரத்தில் தூரத்தை விரற்கடை அளவுக்குச் சரியாகச் சொல். தூசி எழுந்தால் ஜாண் அளவுக்குச் சொன்னால் போதும். எண்கள் முரடாகும், இடம் குறையும், ஆனால் இருப்பது இருக்கும். மறுபடியும் அதே இடத்தில், தூசிக்குள், இந்த முறையும் என்னைப் போகவிடாமல் நீயே போய் நின்றாய். திரையில் ஏதோ பெட்டிகளை அடுக்கிவைத்த மாதிரி ஓர் உருவம் தெரிந்தது.

"குண்டா தெரியறடி" என்றேன்.

"அம்மிகிட்ட சொல்லு. சந்தோஷப்படும்" என்றாய். அந்த வருடம் நீ எலும்பும் தோலுமாக இருந்தாய்.

சம்பத் சாருக்கு அது பிடிக்கவில்லை. "இதப் பாத்தா யாரு வாங்குவா? பழைய டிவி மாதிரி மினுக் மினுக்குனு" என்றார். குரலை உயர்த்தாமல் நீ சொன்னாய்: "மங்கலா தெரியலாம் சார். இருக்கறத இல்லன்னு காட்டக் கூடாது." அவர் ஏழுமலையைப் பார்த்தார். ஏழுமலை காதைச் சொறிந்தார். "எனக்கு அழகா வேணாம் சார். கையத் திருப்பனா திரும்பணும். எதுனா இருந்தா எதுனா இருக்குதுன்னு தெரிஞ்சா போதும்." கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். பொக்லைன் எல்லாப் புள்ளிகளையும் உன் முறைப்படி அனுப்பும். ஏழுமலையின் திரையில் அப்படியே காட்டுவோம். பார்வையாளர்களின் பெரிய திரையில் மட்டும், கொட்டகைக்கு வந்த பிறகு ஒற்றைப் புள்ளிகளைத் துடைத்துவிட்டுக் காட்டுவோம்.

குவாரிக்காரர்கள் பார்க்க வந்த நாள் உனக்கு மறந்திருக்காது. முந்தைய மாலை உனக்கு டயாலிசிஸ். முகம் வெளுத்து, மேசையில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாய். சங்கு ஊதினார்கள். மேஸ்திரி ஆட்களை வெளியேற்றிவிட்டுக் கொடி காட்டினார். வெடி. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. மலைபோல் தூசி. ஏழுமலை கைப்பிடியைத் தள்ளினார், பொக்லைன் உள்ளே போனது. பெரிய திரையில் குவாரி கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. வந்தவர்கள் திருப்தியாகத் தலையாட்டினார்கள்.

பொக்லைன் சட்டென்று நின்றது.

"என்ன ஏழுமலை, ஏன் நிறுத்தினீங்க?" என்றார் சம்பத் சார்.

"யாரோ நிக்கறாங்க சார்."

"எங்க? ஒண்ணுமில்லையே." அவர் பார்த்துக்கொண்டிருந்தது பெரிய திரையை.

"எனக்குத் தெரியுது சார். இடது பக்கம். கொஞ்சமா அசையுது."

வந்தவர்களில் ஒருவர் சிரித்தார். மேஸ்திரி, எல்லோரையும் வெளியேற்றிவிட்டேன் என்று அடித்துச் சொன்னார். சம்பத் சார் உன் பக்கம் திரும்பினார். நீ ஏழுமலையின் திரையையே பார்த்துக்கொண்டு, "கொஞ்சம் இருக்கட்டும் சார்" என்றாய். மேசைக்கு அடியில் உன் கால் ஆடிக்கொண்டிருந்தது. தூசி மெல்ல மெல்ல இளகியது. அதற்குள்ளிருந்து, தோளில் ஒயர்ச் சுருளைப் போட்டுக்கொண்டு, முகத்தைத் துண்டால் மூடியபடி ஓர் ஆள் நடந்து வந்தார். முனுசாமி. வெடி வைக்கப் பாறையில் துளை போடுகிறவர். விட்டுப்போன ஒயரை எடுக்க, வெடித்த கையோடு பின்பக்கமாக உள்ளே வந்திருக்கிறார். பொக்லைனின் கை நீளும் தூரத்தில்தான் அவர் நின்றிருந்தார்.

மேஸ்திரி அவரைத் திட்டித் தீர்த்தார். முனுசாமி, "வழக்கமா இவ்ளோ சீக்கிரம் வண்டி வராதுபா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்ப் பானையைத் தேடிப் போனார். எதிலிருந்து தப்பினோம் என்பது அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. ஏழுமலை மட்டும் எழுந்து வந்து உன் முன்னால் நின்றார். பிறகு திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். சம்பத் சார் பெரிய திரையை அணைத்தார். அடுத்த நாளிலிருந்து எல்லாத் திரைகளிலும் உன் முறைதான்.

வேனில் திரும்பும்போது நான் உன்னைப் புகழ ஆரம்பித்தேன். நீ பனிக்கட்டியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கையை ஆட்டினாய். "விடுடி. சத்தம் கேட்டு அவரே ஒதுங்கியிருப்பாரு, யாரு கண்டா" என்றாய். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா தூங்கலாம்" என்றாய். ரயில்வே கேட் வருவதற்கு வெகு முன்பே தூங்கியும் போனாய்.

நல்லது நடந்ததும் எல்லாம் நன்றாக முடிந்துவிடும் என்று நினைக்கிற வயது எனக்கு. அப்படி முடியவில்லை. அந்த வருடக் கடைசியில் எங்கும் கட்டட வேலைகள் நின்றுபோயின. ஜல்லி வாங்க ஆளில்லை. குவாரிக்காரர்கள் பின்வாங்கினார்கள். வாடகைக்கு எடுத்த லேசர் கருவியைப் பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்பினோம். ஏழுமலை பழையபடி ஊர் ஊராகப் பொக்லைன் ஓட்டப் போனார். உன் நிரலை வேறொரு வேலைக்கு, வேறொரு குழுவுக்குக் கொடுத்தார்கள். அதை யார் எழுதியது என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத்தான் கோபம். நீ, "போகட்டும், ஓடினா சரி" என்றாய்.

உன் அண்ணன் சிறுநீரகம் தர முன்வந்தார். பரிசோதனைகள் பாதி நடக்கும்போதே உனக்குக் காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் கிருமி என்றார்கள். மருத்துவமனையில் உன்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் நன்றாகிவிடும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் அதையே சொல்ல வாயெடுத்தபோது கையைப் பிடித்து, "நீ ஆபீஸ் கத சொல்லு" என்றாய். சொன்னேன். கேன்டீன் சாம்பார், சம்பத் சாரின் புது மீசை, வேனுக்கு வந்த புது ஓட்டுநர். சிரித்தாய். அடுத்த வெள்ளிக்கிழமை விடிகாலையில் அண்ணன் போன் செய்தார்.

ஆண்கள் உன்னை அடக்கத்துக்குத் தூக்கிப் போனார்கள். நான் அம்மியோடு வீட்டில் இருந்தேன். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடித்து எல்லோரும் போன பிறகு, அம்மி என்னைச் சமையலறையில் உட்காரவைத்தார். அன்று வரை கேட்காததைக் கேட்டார். "பேட்டா, அவ ஆபீஸ்ல என்னதான் செஞ்சா? கேட்டா, உனக்குப் புரியாதும்மான்னு சிரிப்பா."

எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். குவாரி, வெடி, தூசி, அதற்குள் நின்ற ஆள். அம்மி பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்த ஆளு இருக்காரா?"

"இருக்காரும்மா. போன மாசம் ஏழுமலை பாத்ததா சொன்னாரு."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அம்மி துணியை மடித்து வைத்தார். "அவருக்குப் புள்ளைங்க இருக்கா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். "இருக்கும்" என்றார் அம்மி. அதற்குப் பிறகு எனக்குச் சோறு போட்டார். சாப்பிடும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இப்போதும் மாதத்தில் ஒரு நாள் போகிறேன். உன்னைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அம்மிக்கு முழங்கால் வலி, எனக்குத் தூக்கமில்லை. அவற்றைப் பேசுவோம்.

யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு. உன் இடது முழங்கைக்குக் கீழே, டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக, இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் நாடி மாதிரி விட்டுவிட்டுத் துடிக்காது. உள்ளே ஒரு தேனீ அடைபட்டதுபோல் ஓயாமல் அதிரும். அடைத்துக்கொண்டால் ஆபத்து, தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். உன் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்ததும் அந்த வேலையை எனக்குக் கொடுத்தாய். வேனில் ஏறி உட்கார்ந்ததும் கையை நீட்டுவாய். "ஓடுதா பாருடி." நான் இரண்டு விரலை வைப்பேன். "ஓடுது" என்பேன். அதற்குப் பிறகுதான் மற்றப் பேச்சு.

அந்தச் சொல் என்னிடமே தங்கிவிட்டது. பேருந்து நிறுத்தத்திலோ கோயில் வாசலிலோ பழைய ஆட்கள் யாராவது எதிர்ப்பட்டு, எப்படி இருக்கே என்று கேட்டால், யோசிப்பதற்கு முன்பே வாயில் வந்துவிடுகிறது. ஓடுது என்கிறேன். என் பிழைப்பைப் பற்றிச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவர்களும் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள்.